போலீஸ் எழுதிய கணக்கு

ஒரு பார்க்கிங் கேஸிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வடக்கு லண்டனில் ஒரு சாதாரணக் குடும்பம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தேர்தல் வந்தால் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஓட்டு. போலீஸ் என்றால் மரியாதை. அந்த வீட்டு அம்மாள்மீது, காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார் என்று வழக்கு வந்தது. நிறுத்தவே இல்லை என்றார் அம்மா. நிறுத்தினார் என்றார் போலீஸ்காரர். அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். கட்டவில்லை. கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார்.

ஜெயித்ததைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சீருடை போட்ட ஒருவர், சத்தியம் செய்துவிட்டுக்கூட உண்மைக்கு மாறாகப் பேசுவார் என்பது அந்த வீட்டுக்குப் புதுச் செய்தி. வீட்டுப் பையன் அதை மறக்கவே இல்லை.

பையனின் பெயர் மைக்கேல் மான்ஸ்ஃபீல்ட். பிறந்தது 1941. கீல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1967-ல் பாரிஸ்டர் ஆனார். சேர்ந்த இடம் கிரேஸ் இன். நம் அம்பேத்கர் பாரிஸ்டர் பட்டம் வாங்கினாரே, அதே கிரேஸ் இன்தான்.

பாரிஸ்டர் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? வெள்ளை விக், கறுப்பு அங்கி, பணக்காரக் கட்சிக்காரர்கள். விக்கும் அங்கியும் இவருக்கும் உண்டு. கட்சிக்காரர்கள்தான் வேறு ரகம். ஐரிஷ் கூலித் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், மகனைப் பறிகொடுத்த கறுப்பினப் பெற்றோர். கையில் காலணா இல்லாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் ஃபீஸ் கொடுக்கும் சட்ட உதவித் திட்டம் அங்கே உண்டு. அதை நம்பித்தான் இவர் தொழில் ஓடியது. பெரும்பாலும் எதிர்த்தரப்பில் நின்றது போலீஸ்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாகவேண்டும். 1872-ல் வெள்ளைக்காரன் நமக்காக எழுதிய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு என்று ஒன்று. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது 23-வது பிரிவாகத் தொடர்கிறது. இந்தியப் போலீஸை நம்பமுடியாது என்று எழுதிவைத்த அதே வெள்ளைக்காரன், தன் ஊரில் அப்படி ஒரு தடையை வைக்கவில்லை. லண்டன் போலீஸும் பர்மிங்ஹாம் போலீஸும் சொக்கத்தங்கம் என்று நினைப்பு.

நினைப்பு பிழைப்பைக் கெடுத்தது.

1974 நவம்பர் 21. பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்தது. 21 பேர் செத்தார்கள். ஐ.ஆர்.ஏ.வின் வேலை. ஊரே கொதித்தது. அன்றிரவே ஐந்து ஐரிஷ்காரர்கள் பிடிபட்டார்கள். ஆறாவது ஆள் மறுநாள். நான்கு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாகப் போலீஸ் சொன்னது. அடித்து வாங்கினார்கள் என்றார்கள் அவர்கள். இரண்டு பேர் கையில் வெடிமருந்து ஒட்டியிருந்ததாக ஒரு விஞ்ஞானியும் சொன்னார். 1975-ல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை.

உள்ளே இருந்தபடியே, எங்களை அடித்தார்கள் என்று போலீஸ்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். 1980-ல் அது டென்னிங் பிரபுவிடம் வந்தது. நம்மூர் சட்டக்கல்லூரிகளில் இன்றைக்கும் மரியாதையோடு சொல்லப்படும் பெயர். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். இவர்கள் ஜெயித்தால் என்ன அர்த்தம்? போலீஸ் அடித்தது, பொய் சாட்சி சொன்னது, மிரட்டி வாக்குமூலம் வாங்கியது என்று ஆகிவிடும். அது நினைத்துப் பார்க்கவே பயங்கரமாக இருக்கிறது. ஆகவே வழக்கு மேலே போகக்கூடாது!

உண்மையா பொய்யா என்பது அல்ல அங்கே கேள்வி. உண்மையாக இருந்தால் தாங்கமுடியாது, அவ்வளவுதான்.

ஆனால் காகிதத்துக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு நோட்டில் அழுத்தி எழுதினால் அடுத்த தாளில் தடம் விழுமில்லையா? கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடத்தை மின்சாரத்தைக் கொண்டு படிக்கும் ஒரு சோதனை வந்தது. விசாரணை நடந்தபோதே எழுதினோம் என்று போலீஸ் சத்தியம் செய்த குறிப்புகள், அப்படி எழுதப்பட்டவை அல்ல என்று தெரிந்தது. வெடிமருந்துச் சோதனையும் காலை வாரியது. சீட்டுக்கட்டின் மேல்பூச்சுகூட அதே ரிசல்ட்டைக் கொடுக்கும். பிடிபட்டவர்கள் ரயிலில் சீட்டாடிக்கொண்டு போனவர்கள்.

1991 மார்ச் 14. ஆறு பேரும் விடுதலை. அவர்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் மான்ஸ்ஃபீல்ட். பதினாறு வருஷம் ஜெயிலில் போயிருந்தது. அன்றைக்கே அரசாங்கம் ஒரு ராயல் கமிஷனை அறிவித்தது. தவறான தண்டனைகளை ஆராய்வதற்கென்றே தனி ஆணையம் ஒன்று 1997-ல் பிறந்தது, அதன் பலனாகத்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு கதை.

1984 ஜூன் 18. ஷெஃபீல்ட் அருகே ஆர்கிரீவ் என்ற ஊர். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்தது. தொழிற்சாலை வாசலில் மறியல். குதிரைப்படை பாய்ந்தது. மண்டைகள் உடைந்தன. மண்டை உடைந்தவர்கள் உள்பட 95 பேர்மீது வழக்கு. பலர்மேல் கலகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் ஆயுள் தண்டனைவரை போகும்.

முதல் பதினைந்து பேரின் விசாரணையில் டிஃபென்ஸ் வக்கீல்களில் ஒருவர் மான்ஸ்ஃபீல்ட். போலீஸ்காரர்களின் வாக்குமூலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். வெவ்வேறு இடத்தில் நின்றவர்கள், ஒரே வார்த்தையில் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். ஆரம்பப் பத்திகளைத் துப்பறியும் பிரிவினர் டிக்டேட் செய்ய, இவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்பது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தது. 48 நாள் நடந்த வழக்கு சுருண்டு விழுந்தது. 1991-ல் 39 தொழிலாளர்களுக்கு நாலேகால் லட்சம் பவுண்ட் கொடுத்து சமாதானம் செய்துகொண்டது தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ். தவறு செய்தோம் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு போலீஸ்காரர்மீதும் நடவடிக்கை இல்லை.

காமர்ஸ் படித்த எனக்கு இந்த இடத்தில் ஆடிட்டிங் வகுப்புதான் ஞாபகம் வருகிறது. கள்ளக்கணக்கு எழுதியவனைப் பிடித்தாயிற்று. பணத்தைக் கட்டச் சொன்னாயிற்று. ஆனால் அதே ஆளை, அதே நாற்காலியில், அதே பேனாவோடு விட்டுவிட்டால்?

1989 ஏப்ரல் 15. அதே ஷெஃபீல்ட். அதே தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ். ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ஆடும் கால்பந்து அரையிறுதி. ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பி வேலிக் கூண்டுகளுக்குள் மேலும் கூட்டத்தைத் திறந்துவிட்டார்கள். ரசிகர்கள் நசுங்கிச் செத்தார்கள். 2021-ல் இறந்தவரையும் சேர்த்து மொத்தம் 97 பேர்.

குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்றது போலீஸ். அப்போது பணியில் இருந்த போலீஸ்காரர்களுக்கு வந்த உத்தரவு விசித்திரமானது. பாக்கெட் நோட்டில் எழுதாதீர்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். நோட்டில் எழுதினால் திருத்தமுடியாது. தாளில் முடியும்.

திருத்தினார்கள். 2012-ல் சுயேச்சைக் குழு ஒன்று ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோது, 164 வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. அதில் 116-ல், போலீஸுக்குச் சங்கடம் தரும் வரிகள் நீக்கவோ மாற்றவோ பட்டிருந்தன.

பழைய தீர்ப்பு ரத்தானது. 2014-ல் மரண விசாரணை மறுபடி தொடங்கியது. குடும்பங்கள் பலவற்றுக்கு மான்ஸ்ஃபீல்ட் வக்கீல். இரண்டு வருஷத்துக்கு மேல் ஜூரிகள் உட்கார்ந்து கேட்டார்கள். 2016 ஏப்ரல் 26-ல் சொன்னார்கள்: இது விபத்தல்ல, சட்டவிரோதக் கொலை. ரசிகர்கள்மேல் துளியும் தப்பில்லை.

எல்லாமே ஜெயம்தானா? இல்லை.

1993-ல் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பினப் பையனை வெள்ளைக்கார இளைஞர்கள் லண்டன் பஸ் ஸ்டாப் ஒன்றில் குத்திக் கொன்றார்கள். இங்கே போலீஸ் பொய் எழுதவில்லை. எழுதவேண்டியதை எழுதவில்லை, பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. அரசுத்தரப்பு கைவிட்டதும், பெற்றோரே தனியாகக் கொலை வழக்குப் போட்டார்கள். வாதாடியவர் மான்ஸ்ஃபீல்ட். 1996-ல் வழக்கு தோற்றது. தோல்வி மட்டுமல்ல. ஒருமுறை விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அன்றைய சட்டம் இடம் கொடுக்காது. மூன்று பேருக்கு நிரந்தரப் பாதுகாப்பே கிடைத்துவிட்டது!

ஆனாலும் குடும்பம் விடவில்லை. 1999-ல் மெக்ஃபர்சன் விசாரணை அறிக்கை, லண்டன் போலீஸில் இனவெறி அமைப்பு ரீதியாகவே ஊறியிருக்கிறது என்று சொன்னது. அதன் சிபாரிசுப்படி அந்த மறுவிசாரணைத் தடையும் 2005-ல் தளர்ந்தது. 2012-ல் இருவருக்குத் தண்டனை. அவர்களில் ஒருவர், 1996-ல் விடுதலையானவர்.

1984-ல் மான்ஸ்ஃபீல்ட் ஆரம்பித்த டூக்ஸ் சேம்பர்ஸ் 2013-ல் மூடப்பட்டது. அரசாங்கம் சட்ட உதவிப் பணத்தை வெட்டியதுதான் காரணம். பொய்க் கணக்கைப் பிடிக்கிற ஆடிட்டருக்குச் சம்பளத்தை நிறுத்துவது, சுலபமான வழி.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஹில்ஸ்பரோ வாக்குமூலத் திருத்தத்துக்காக இரண்டு முன்னாள் போலீஸ் அதிகாரிகள், ஒரு வக்கீல்மீது போடப்பட்ட வழக்கு 2021-ல் தள்ளுபடி ஆனது. திருத்தியது விசாரணைக் கமிஷனுக்குக் கொடுத்த காகிதத்தை, கோர்ட்டுக்குக் கொடுத்ததை அல்ல. ஆகவே குற்றம் இல்லை!

அந்த ஓட்டையை அடைக்க, பொது ஊழியர்கள் விசாரணைகளில் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிற மசோதா 2025 செப்டம்பரில்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆர்கிரீவ் பற்றி முறையான விசாரணை அறிவிக்கப்பட்டது அதே வருஷம் ஜூலையில். மண்டைகள் உடைந்து நாற்பத்தியொரு வருஷம் கழித்து. அன்றைக்குக் கூண்டில் நின்ற தொழிலாளிகளில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.