வைத்துக்கொள்வதும் வழங்கிவிடுவதும்: தமிழ்ச் சித்திரக்கதை நூல்களின் சேமிப்பு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அச்சேறிய அனைத்தையும் வைத்துக் காக்க எந்த நூலகத்தாலும் இயலாது. தொகுத்தவர் மறைந்தபின் அவர்தம் குடும்பத்தாரும், பணி ஓய்வு பெறும் ஆசிரியரும், இடநெருக்கடிக்கு உள்ளான நூலகரும் ஒரே வினாவை எதிர்கொள்கின்றனர்: இவற்றுள் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை வழங்கிவிடுவது? இலக்கிய நூல், இலக்கண நூல், ஆய்வு நூல் என்பனவற்றைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஒரு மரபு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டி நூற்பட்டியலை 1966இல் வெளியிட்டமை அம்மரபின் சிறந்த எடுத்துக்காட்டு. ஆயின், காமிக்ஸ் என்று வழங்கும் சித்திரக்கதை நூல்களுக்கு அத்தகைய அளவுகோல் எதுவும் உருவாகவில்லை. ஆதலின் அலமாரியைக் குறைக்க நேரும்போது முதலில் கழிக்கப்படுவன அவையே.

தமிழ்ச் சித்திரக்கதை நூல்களுள் எவை காக்கத் தக்கவை என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அவற்றின் சந்தை விலையோ தொகுப்பாளரின் விருப்பமோ அன்று. அந்நூல் அழிந்தால் வேறு எங்கும் பெற இயலாத சான்று எது என்ற வினாவே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சித்திரக்கதைகள் எவ்வாறு கழிக்கப்பட்டன என்பதன் வரலாறு முதலிலும், தமிழ்ப் பதிப்புகளின் நிலை அடுத்தும், தேர்வுக்குரிய அளவுகோல்கள் இறுதியிலும் ஆராயப்படுகின்றன.

கழித்தலின் வரலாறு

அமெரிக்காவில் சித்திரக்கதைகள் பேரளவில் அச்சாயின; பேரளவில் அழிக்கவும்பட்டன. அங்கு அவை அழிந்ததற்கு மூன்று காரணங்களைக் காணலாம்.

முதலாவது, பயன் முடிந்த பொருள் என்ற எண்ணம். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938இல் 10 சென்ட் விலையில் வெளிவந்தது. அச்சிடப்பட்டவை ஏறத்தாழ 2,00,000 படிகள். சிறுவர் படித்தனர், கைமாற்றினர், எறிந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய தாள் திரட்டும் இயக்கங்கள் எஞ்சியவற்றையும் வாரிச் சென்றன. இன்று நிலைத்திருப்பவை ஏறத்தாழ 100 படிகள் என்றே மதிப்பிடப்படுகிறது. அவற்றுள் ஒன்று 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் 60 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று.

இரண்டாவது, ஒழுக்கம் பற்றிய அச்சம். 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் முதலிய ஊர்களில் பள்ளி மாணவர்களே சித்திரக்கதைகளைத் திரட்டித் தீயிட்டனர். ஆசிரியரும் பெற்றோரும் அதற்கு ஊக்கமளித்தனர். 1954இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம், சித்திரக்கதைகள் இளையோரைக் குற்றத்திற்குத் தூண்டுகின்றன என்று வாதிட்டு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். இவ்வழக்கின் பிற்பகுதி நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. வெர்தாமின் கைப்படித் தாள்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் காக்கப்பட்டு, 2010இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த நூலகவியல் பேராசிரியர் கேரல் டில்லி, வெர்தாம் தம் சான்றுகளை மாற்றியும் மிகைப்படுத்தியும் எழுதியுள்ளார் என்பதை 2012இல் வெளிப்படுத்தினார். ஒரு காலத்தின் தீர்ப்பை மறு காலம் சரிபார்க்க வேண்டுமாயின், தீர்ப்பளித்தவரின் தாள்களும் தீர்ப்புக்குள்ளான நூல்களும் இருந்தாக வேண்டும். எரித்த ஊர்களில் அத்தகைய சரிபார்ப்புக்கு இடமில்லை.

மூன்றாவது காரணம் வியப்புக்குரியது. நூலகங்களே அழிவுக்குக் காரணமாயின. இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பழைய நாளிதழ்களை நுண்படச் சுருளில் பதிந்துகொண்டு மூலத் தொகுதிகளைக் கழித்தன. சுருளோ கறுப்பு வெள்ளை. ஞாயிறு மலர்களில் வண்ணத்தில் வந்த சித்திரத் தொடர்கள் அதனுள் வண்ணம் இழந்தன. இதனை உணர்ந்த பில் பிளாக்பியர்டு என்பவர் 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அமைப்பை நிறுவி, நூலகங்கள் கழித்த தொகுதிகளை வாங்கிச் சேர்த்தார். ஏறத்தாழ 75 டன் எடையுள்ள அத்தொகுப்பு 1998இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது.

இவற்றுக்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. முதல் இதழ்கள் பெருவிலை பெறுவதைக் கண்ட மக்கள் 1990களில் சித்திரக்கதைகளை முதலீடாகக் கருதத் தொடங்கினர். 1991இல் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ புதிய வரிசையின் முதல் இதழ் 80 இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்றது. வாங்கியவர் பலரும் அதனைக் கெடாமல் வைத்துக்கொண்டனர். எனவே இன்றும் அது மலிவாகக் கிடைக்கிறது. எல்லாரும் காத்தது அரிதாகவில்லை. எல்லாரும் கழித்ததே அரிதாயிற்று. சந்தை விலை கடந்தகால அழிவைக் காட்டும் அளவுகோலேயன்றி, எதிர்காலத்தில் எது தேவைப்படும் என்பதைக் காட்டுவதன்று.

தமிழ்ப் பதிப்புகளின் நிலை

இந்தியாவில் டைம்ஸ் ஆப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கிய ‘இந்திரஜால் காமிக்ஸ்’ தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிவந்து 1990இல் நின்றது. தமிழில் தனித்த மரபை உருவாக்கியது சிவகாசி. 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’ தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. 1984இல் அவர்தம் மகன் விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ வெளிவரலாயிற்று; அது 2005 வரை நடைபெற்றது. லயன், முத்து வெளியீடுகள் ஓர் இடைவெளிக்குப் பின் 2012இல் புதிய அளவிலும் வண்ணத்திலும் மீண்டெழுந்தன.

இவற்றுள் பெரும்பாலானவை மலிவான செய்தித்தாள் தாளில் அச்சானவை. மரக்கூழிலிருந்து செய்யப்படும் அத்தாளில் லிக்னின் நீக்கப்படாமையால் அமிலம் பெருகுகிறது. தாள் பழுப்பேறி நொறுங்குகிறது. கம்பித் தையல் துருவேறித் தாளை அரிக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த தமிழகத்திலும் மலேசியா, சிங்கப்பூரிலும் இச்சிதைவு விரைந்து நிகழ்கிறது. கரையானும் வெள்ளிப்பூச்சியும் துணைசெய்கின்றன. இவற்றினும் பெரிய பகை பழைய பேப்பர் கடை. தேர்வுக்காலத்தில் பெற்றோர் எடைக்குப் போட்டவை எத்தனை என்று கணக்கிட இயலாது. காக்க விரும்பியோரும் ஒரு வகையில் அழித்தனர். பல இதழ்களை ஒன்றுசேர்த்து பைண்டு செய்தபோது அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கி, ஓரங்களை வெட்டிச் சமப்படுத்தினர். கதை எஞ்சியது; இதழ் மறைந்தது.

இங்கு எழும் மறுப்பு ஒன்றுண்டு. இவை மொழிபெயர்ப்புகள், இரும்புக்கை மாயாவியின் மூலம் 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தோன்றிய ‘ஸ்டீல் கிளா’ என்ற தொடர். அதன் உரிமையை இன்று வைத்திருக்கும் ரெபெலியன் நிறுவனம் அத்தொடரை மறுபதிப்பும் செய்துவருகிறது. மூலம் காக்கப்படும்போது தமிழ்ப் படியைக் காப்பது ஏன்?

விடை இம்மறுப்பினுள்ளேயே உள்ளது. ஓவியம் வேறிடத்தில் காக்கப்படுகிறது, தமிழ் காக்கப்படவில்லை. தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத் தலைப்பு எஃகால் ஆன கையை மட்டும் சுட்டுகிறது. கதைத்தலைவனான லூயிஸ் கிராண்டேல் மின்சாரம் பாயும்போது உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் தெரிய நிற்பவன். தமிழ்ப் பதிப்பு ‘எஃகு’ என்ற சொல்லை விடுத்து யாவர்க்கும் பழகிய ‘இரும்பு’ என்ற சொல்லை ஏற்றது. மறையும் ஆற்றலுக்குப் பழங்கதைகளில் பயின்ற ‘மாயாவி’ என்ற சொல்லைச் சேர்த்தது. அறிவியல் புனைவைத் தமிழ்ச் சிறுவர் கதைமரபினுள் கொண்டுவந்து நிறுத்திய மொழிபெயர்ப்பு இது. துப்பறிதல், விண்வெளி, உளவு ஆகியவற்றுக்கு 1970களில் என்ன தமிழ் வழங்கிற்று, ஒலிக்குறிப்புகள் எவ்வாறு எழுதப்பட்டன, பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் உரையாடற் குமிழிகளில் எவ்வாறு கலந்தன என்பனவற்றுக்கெல்லாம் இவ்விதழ்களே நேர்ச்சான்று. அவற்றை ரெபெலியனின் மறுபதிப்பிலிருந்து பெற இயலாது.

ரோஜா முத்தையா தரும் பாடம்

தமிழுலகில் இத்தகைய நூல்களை மதித்தவர் இல்லாமலில்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை ஓவியராகப் பயின்றவர். அவர் ஆய்வு நூல்களோடு பொழுதுபோக்கு இதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் கழித்தவற்றையும் பல்லாண்டுகள் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தமிழ்ச் சமூக வரலாறு, நாடகம், இதழியல் ஆகியவற்றை ஆய்வோர் இன்று அந்நூலகத்தை நாடுகின்றனர். தொகுப்பைப் பிரிக்காமல் ஒருசேரக் காத்தமையே அதன் பயனுக்குக் காரணம். உயர்ந்தவை எனக் கருதப்பட்ட நூல்களை மட்டும் தெரிந்தெடுத்து ஏனையவற்றை எடைக்குப் போட்டிருப்பின், வேறு நூலகங்களிலும் கிடைப்பனவே மிஞ்சியிருக்கும்.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவது தனித்தன்மை. ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைக்கும் சித்திரக்கதைகளை வழங்கிவிடலாம். அவற்றின் தமிழ்ப் பதிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒருங்கே இருக்கும்போது, தடித்த அட்டையும் வழவழப்பான தாளும் கொண்ட ஆங்கில நூலை வைத்துக்கொண்டு நைந்த தமிழ் இதழைக் கழிக்கவே மனம் தூண்டும். இத்தூண்டுதலை மறுப்பதே முதற்கடமை.

இரண்டாவது முழுமை. அட்டை, ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், விளம்பரம், விலை ஆகியன அடங்கிய படியே வரலாற்றுச் சான்றாகும். ஒரே கதையின் முதற்பதிப்பும் மறுபதிப்பும் இருப்பின் அவற்றை இரட்டைப்படி எனக் கொள்ளலாகாது. கதை ஒன்றாயினும் வாசகர் வேறு, விலை வேறு, சில இடங்களில் மொழியும் வேறு.

மூன்றாவது தொடர்ச்சி. இடையறாது வெளிவந்த இதழ் வரிசையைப் பிரித்தல் தகாது. வரிசையிலுள்ள சிறந்த கதைகளை மட்டும் வைத்துக்கொள்பவர், அவ்விதழ் எவ்வாறு வளர்ந்தது, எப்போது தளர்ந்தது என்பதற்கான சான்றை இழக்கிறார்.

நான்காவது உடைமைக் குறிப்பு. வாடகை நூலக முத்திரை, கடை முத்திரை, சிறுவர் எழுதிய பெயரும் வகுப்பும் தேதியும் ஆகியவற்றைச் சந்தை குறையாகக் கருதுகிறது. வாசிப்பு வரலாற்றை ஆய்வோர்க்கு அவையே அரிய சான்றுகள். தமிழக இதழ் ஒன்றில் மலேசிய, சிங்கப்பூர்க் கடையொன்றின் முத்திரை காணப்படுமாயின், அவ்விதழ் கடல் கடந்து வாசிக்கப்பட்டதற்கு அதனினும் எளிய சான்று வேறில்லை.

இவ்வளவுகோல்களைச் செயற்படுத்துமுன் பட்டியல் ஒன்று வேண்டும். இதழின் பெயர், எண், ஆண்டு, விலை, கதைத் தலைப்பு, மூலக் கதைத்தலைவன் பெயர் ஆகியவற்றைக் குறித்தல் போதுமானது. பட்டியலின்றித் தலைப்பை மட்டும் நோக்குவோர் பிழைபட நேரும். முத்து காமிக்ஸில் ‘மாயாவி’ என்பது இரும்புக்கையனைக் குறிக்கும். ராணி காமிக்ஸில் அதே பெயர் முகமூடி வீரரான பாண்டத்தைக் குறிக்கும். இருவரையும் ஒருவராகக் கருதி ஒன்றைக் கழிப்பது எளிதில் நிகழக்கூடியது.

வழங்குதலின் நெறி

வைத்துக்கொள்ளுதல் மட்டுமே சேமிப்பு அன்று. தக்கவர்க்கு வழங்குதலும் சேமிப்பே. ஒத்த இரட்டைப்படிகளையும், இன்றும் விற்பனையில் உள்ள மறுபதிப்புகளையும் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு வழங்கலாம். சித்திரக்கதை சிறுவர்க்காகப் பிறந்தது. தமிழ் வாசிப்பில் தயங்கும் மாணவன் அதனைப் படித்துக் கிழித்தாலும் அதன் பயன் நிறைவேறியதாகவே கொள்ள வேண்டும். இடையிடையே விடுபட்ட வரிசைகளை உடைய நூலகத்திற்குக் குறைநிரப்பும் படிகளை அளிப்பது அடுத்த நெறி. நொறுங்கும் நிலையிலுள்ள அரிய படியை எண்ணிமப் படமாக்கலாம். எனினும் பதிப்புரிமை மூல நிறுவனங்களிடமும் தமிழ்ப் பதிப்பாளரிடமும் இருத்தலால் அதனைப் பொதுவில் பரப்புதல் தகாது. நுண்படச் சுருளின் வரலாறு கற்பிப்பதுபோல், படமெடுத்தபின் மூலத்தைக் கழிப்பதும் தகாது. காக்கப்படுபவற்றை அமிலமற்ற உறையிலிட்டு, ஒட்டுநாடா தவிர்த்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைத்தல் போதுமானது.

முடிவுரை

சித்திரக்கதைகள் அழிந்தமைக்குப் பகைமையைவிட அலட்சியமே பெருங்காரணம் என்பதை இதுவரை கண்டவை உணர்த்துகின்றன. எரித்தவர் சிலர், எடைக்குப் போட்டவர் பலர். தமிழ்ப் பதிப்புகளைப் பொறுத்தவரை அவற்றின் ஓவியத்திற்கு அயல்நாட்டில் காவலர் உளர். அவற்றின் தமிழுக்குக் காவலர் தமிழரேயன்றி வேறிலர். ஆகவே தனித்தன்மை, முழுமை, தொடர்ச்சி, உடைமைக் குறிப்பு ஆகிய நான்கையும் கொண்டு தெரிந்தெடுத்து, ஏனையவற்றைப் படிப்போர் கையில் சேர்ப்பது தக்கது. தொகுப்பு ஒன்று கலைக்கப்படும் நாளில் ஆசிரியரோ நூலகரோ ஒருவர் பட்டியலுடன் அங்கிருப்பாராயின், பழைய பேப்பர் கடைக்குச் செல்லும் கட்டிலிருந்து வேறெங்கும் இல்லாத ஓர் இதழேனும் மீட்கப்படும்.