மறைந்து நிற்கும் வெப்பம்

போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் ஏலத் தோட்டங்கள். பறித்த பச்சைக் காயைத் தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று வழங்கும் மூடிய அறையிலிட்டு இளஞ்சூட்டில் உலர்த்துவர். 5 கிலோ பச்சைக் காய்க்கு ஏறக்குறைய 1 கிலோ உலர்காய் தேறும். மற்றவை நீர். அந்த 4 கிலோ நீரை 20 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடேற்ற 120 கிலோ கலோரி போதும். ஆவியாக்கவோ 2,000 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். இவ்வளவு வெப்பமும் எங்கே போகிறது?

இதனை முறையாக ஆராய்ந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக். 1762இல் அவர் 50 பாரன்ஹீட் பாகையிலிருந்த நீரைத் தகரப் பாத்திரத்தில் அடுப்பேற்றினார். 4 நிமிடத்தில் கொதி வந்தது. முழுதும் ஆவியாக மேலும் 20 நிமிடம் ஆயிற்று. 4 நிமிடத்தில் 162 பாகை ஏற்றிய தீ, 20 நிமிடத்தில் 810 பாகைக்குரிய வெப்பத்தைத் தந்திருக்க வேண்டுமன்றோ? நீரோ 212ஐத் தாண்டவில்லை. மறைந்துபோன அதனையே அவர் உள்ளுறை வெப்பம் என்றார். இன்று நாம் கொள்ளும் அளவு 970. வெறும் சமையல் அடுப்பைக் கொண்டு அவர் இவ்வளவு நெருங்கியது வியப்பே!

அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட், நீராவியின் இவ்வியல்பைத் தாமும் சோதித்துக் கண்டார்; விளக்கம் தந்தவர் பிளாக். 1765இல் வாட் தனிக் குளிர்கலத்தை எண்ணியது நீராவிப் பொறியின் எரிபொருட் செலவைப் பெரிதும் குறைத்தது.

போடிமெட்டு ஏறத்தாழ 4,500 அடி உயரம். அங்கே நீர் 95 சென்டிகிரேடு பாகையளவிலேயே கொதிக்கும். அதனால் ஆவியாக்கும் செலவு குறையாது. சற்றுக் கூடவே செய்யும். ஸ்டோரில் எரியும் விறகின் பயன்பட்ட வெப்பத்தில் பெரும்பங்கு காயைச் சூடாக்க அன்று, நீரைப் பிரிக்கவே போகிறது.