வாகனத் தரவுப் பதிவு
ஓடும் வண்டியின் இருப்பிடம், வேகம், எஞ்சின் சுழற்சி போன்றவற்றை நொடிக்குப் பல முறை குறித்துவைத்து, ஓட்டத்தை அலசும் முறை. இருங்காட்டுக்கோட்டை (1990 முதல், சுமார் 3.7 கி.மீ.), கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களே இதற்கு உரிய இடம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொதுச் சாலை. எதிரே பேருந்து வரும். அங்கே வேகத்தை அளப்பது வீண். பிரேக்கும் கியரும் பதமாக விழுகின்றனவா என்று பார்க்கலாம்.

அமைப்பில் முதல் கவனம் ஜிபிஎஸ். பல கைபேசிகள் நொடிக்கு ஒரு புள்ளிதான் தரும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் அது 5 மீட்டருக்கு ஒன்று. இறுக்கமான வளைவு கோணல்மாணலாகப் பதிவாகும். நொடிக்கு 10 புள்ளி தரும் தனி ரிசீவரை புளூடூத்தில் இணைத்தால் அரை மீட்டருக்கு ஒன்று கிடைக்கும். அடுத்தது எஞ்சின் தரவு. அதைத் தரும், ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி சாக்கெட்டில் கேட்கும் அளவுகள் கூடக்கூட ஒவ்வொன்றும் மெதுவாகும்; எஞ்சின் சுழற்சியும் ஆக்ஸிலரேட்டரும் போதும். கைபேசியை ஆடாமல் பொருத்தி, அதன் முடுக்கமானியைச் சமதரையில் சுழியமாக்க வேண்டும். மலையேற்றத்தில் சுழியமாக்கினால் சரிவே முடுக்கமாகக் கணக்கில் சேரும். பந்தயத் தடத்தில் ஒரே கோடு ஒவ்வொரு சுற்றுப் பதிவின் தொடக்கமும் முடிவுமாகும். மலைப்பாதைக்குக் காரவள்ளி அடிவாரத்தில் ஒன்று, மேலே ஒன்று என இரு கோடுகள் தேவை.