நிஜின்ஸ்கி எழுதிவைத்த நடனம்

1915ஆம் ஆண்டு, புடாபெஸ்ட். உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால், ரஷ்யக் குடிமகனான பாலே கலைஞர் வாஸ்லாவ் நிஜின்ஸ்கி எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு, மனைவியின் தாய் வீட்டில் காவலில் இருந்தார். ஆட மேடை இல்லை. அந்த நாட்களில் அவர் தன் நடனம் ஒன்றை முழுவதுமாகக் காகிதத்தில் எழுதிவைத்தார்.

அது 1912 மே 29 அன்று பாரிஸின் ஷாத்லே அரங்கில் டெபுஸியின் இசைக்கு அரங்கேறிய 'ஃபானின் பிற்பகல்'. பாதி மனிதனும் பாதி ஆடுமான ஃபான், ஏழு நீர்மகளிர், பழைய கிரேக்கச் சிற்பங்கள்போல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் உடல்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். பாலேயின் துள்ளல்களை அநேகமாகக் கைவிட்ட அந்தத் துணிச்சலுக்கு ஈடாக அந்தக் காலத்தில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

பீட்டர்ஸ்பர்க் பாலே பள்ளியில் கற்ற ஸ்டெபனோவ் நடனக் குறியீட்டு முறையைத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டு, இசைக்கோடுகளின் மேல் ஸ்வரக் குறிகள் போன்ற அடையாளங்களால் அவர் எழுதினார். அந்த மாற்றங்களுக்கான விளக்கம் ஏட்டோடு வரவில்லை. சில ஆண்டுகளில் மனநோய் அவரை மேடையிலிருந்து பிரித்தது. 1950இல் லண்டனில் இறந்தார். ஏடு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு பிரிட்டிஷ் நூலகத்தின் உடைமையானது. நடனமோ, ஆடியவர்களின் நினைவிலிருந்து அடுத்தவர்களுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. நினைவு எவ்வளவு அன்போடு காப்பாற்றினாலும், கை சற்றே உயரும், திரும்பல் ஒன்று தாமதமாகும். ஒரு தலைமுறைக்குப் பின் அதுவே மூலமாகிவிடும்.

அந்த ஏட்டைப் படிக்க வழிசெய்தவர் ஆன் ஹட்சின்சன் கெஸ்ட். 1918இல் நியூயார்க்கில் பிறந்து, இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் ருடால்ஃப் லாபனின் குறியீட்டு முறையைக் கற்றவர். கீழிருந்து மேலாகப் படிக்கும் அந்த முறையில் குறியின் வடிவம் திசையையும், நீளம் காலத்தையும் சொல்லும். 1940இல் நியூயார்க்கில் நடனக் குறியீட்டு நிலையத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். பிராட்வேயில் ஆடினார், அசைவுகளைப் பகுத்து எழுதினார், பாடநூல் எழுதினார், கற்பித்துக்கொண்டே இருந்தார்.

1980களில் அவரும் ஜெர்மன் ஆய்வாளர் கிளாடியா யெஷ்கேயும் ஏட்டின் முன் உட்கார்ந்தபோது, நிஜின்ஸ்கியின் ஆசிரியர் செக்கெட்டியின் வகுப்புப் பயிற்சிகள் வழிகாட்டின. நிஜின்ஸ்கி அவற்றையும் அதே குறிகளில் எழுதிவைத்திருந்தார். பயிற்சி எது என்று தெரிந்திருந்ததால், எந்தக் குறி எந்த அசைவு என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. காலை எப்படி மடக்கி நீட்டுவது என்பதை நாள்தோறும் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் கையில் அந்த ஏடு கிடைத்ததைப் பெரும் பேறாகவே நினைக்கிறேன். வகுப்பறையை அறியாத ஆவண நிபுணருக்கு அந்தப் பயிற்சிப் பக்கங்கள் இன்னொரு புதிராகவே இருந்திருக்கும்.

லாபன் முறைக்கு மாற்றிய முழு நடனமும் 1991இல் நூலாக வெளிவந்தது. நினைவு வழியாக வந்த ஆட்டத்துக்கும் எழுத்துக்கும் இடையே பல வேறுபாடுகள் தெரிந்தன. ஏட்டைப் பின்பற்றி நடனக் குழுக்கள் அதை மீண்டும் ஆடின. ஆன் 2022 வரை, 103 வயது வரை வாழ்ந்தார்.