குடிநோயர் ஐக்கியக் கூட்டமும் திருச்சபையும்: ஒரு வரலாற்று நோக்கு

குடியை விட்டுவிட விரும்பும் ஒருவர், தம்மைப்போலவே அதை விட்டுவிட விரும்பும் மற்றொருவரை எங்ஙனம் கண்டடைவார்? இவ்வினா மருத்துவருக்கும் சமூகப் பணியாளருக்கும் மட்டும் உரியதன்று. திருச்சபை வரலாற்று மாணவருக்கும் உரியதாகும். இவ்வினாவோடு அலைந்த ஒருவர் ஓர் ஆயரை அணுகியதிலிருந்தே இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஐக்கியம் தோன்றிற்று.

1935ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க்கைச் சார்ந்த பில் வில்சன் என்பவர் வணிகக் காரியமாக ஒகாயோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வந்து, எடுத்த காரியம் கைகூடாமல் தனித்து நின்றார். அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. மேஃபிளவர் என்னும் விடுதியின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம். மறுபுறம் தொலைபேசியும் நகர ஆலயங்களின் பட்டியலும். அவர் பட்டியலை நாடினார். தொலைபேசியில் கிடைத்த வால்டர் டங்ஸ் என்னும் எப்பிஸ்கோப்பல் குருவானவரிடம் அவர் கேட்டது செபமன்று, ஆலோசனையுமன்று; பேசுவதற்கு வேறொரு குடிநோயர் வேண்டும் என்பதே. குருவானவர் சில பெயர்களைக் கொடுத்தார். அவற்றின் வழியாக ஹென்றியேட்டா சைபர்லிங் அம்மையாரும், அவர் வழியாக மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தும் கிடைத்தனர். ஸ்மித் இறுதியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10 அவ்வைக்கியத்தின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது.

மருத்துவர் ஸ்மித் பக்தி நெறியை அறியாதவர் அல்லர் என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. லுத்தரன் போதகரான ஃபிராங்க் புக்மன் தோற்றுவித்த ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் கூட்டங்களுக்கு அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்றுவந்தார், செபித்தார், வேதம் வாசித்தார், ஆயினும் குடித்தார். அவர் வேதனையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் வந்தபிறகே மாற்றம் உண்டாயிற்று. நம் மேய்ப்புப் பணிக்கு இச்செய்தி சற்றுக் கசப்பானதுதான். எனினும் பாவ அறிக்கை, இழைத்த தீங்குக்கு ஈடுசெய்தல், அமைதியில் காத்திருத்தல் ஆகியவை அக்குழுவிலிருந்தே புதிய ஐக்கியத்துக்கு வந்தன. யாக்கோபு நிருபத்தை ஆக்ரன் நகரத்தார் பெரிதும் விரும்பி வாசித்தனர்.

பின்னர் 1937இல் நியூயார்க்கினரும், 1939இல் ஆக்ரன் நகரத்தாரும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினின்று பிரிந்தனர். அவர்தம் நூல் வெளியானதும் 1939இலேயே. கடவுளை அவரவர் அறிந்துகொண்டவாறு ஏற்கலாம் எனவும், குடியை விடும் விருப்பமே உறுப்பினராவதற்குப் போதும் எனவும் அவர்கள் வகுத்தனர். கிறிஸ்துவின் பெயர் மறைக்கப்பட்டது என்று நம்மில் சிலர் குறைகூறுவதுண்டு. அப்பெயரை வாயிற்படியில் நிறுத்தியிருப்பின் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பர் என்பதையும் எண்ணவேண்டும்.

இந்தியாவில் இவ்வைக்கியம் 1957இல் மும்பையில் வேரூன்றிற்று. அப்போது சென்னை மாநிலம் மதுவிலக்கின் கீழ் இருந்தது. சேலம் மாவட்டத்தில் 1937இல் தொடங்கி, 1948இல் மாநிலம் முழுதும் பரவிய அச்சட்டம் 1971இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் அரசு வாணிபக் கழகம் அமைந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடையைத் திறப்பதா மூடுவதா என்று நாடு வாதிட்ட காலமெல்லாம், குடிப்பவரைப் பற்றிய வினா ஓரமாகவே நின்றது.

அவ்வினாவைக் கையிலெடுத்தவருள் சாந்தி ரங்கநாதன் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். கணவரைக் குடிநோய்க்கு இழந்த அவர் 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நகர மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூராருக்கென மஞ்சக்குடி போன்ற ஊர்களிலேயே முகாம் நடத்தி, குடும்பத்தாரையும் உடன்சேர்த்து, பின்னரும் தொடர்ந்து சந்திக்கும் முறையை அந்நிறுவனம் கைக்கொண்டது. நோயாளியை ஊரினின்று பிரிக்காமல் ஊரையே துணையாக்கிய முறை இது.

இனி, வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டை நினைத்துக்கொள்வோம். இசுலாமியப் பெருமக்கள் மிகுந்த, பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைக்கும் பேரூர் அது. மதுவை மார்க்கமே விலக்கியுள்ள சமூகத்தில் ஒருவர் குடிநோய்க்கு ஆட்பட்டால் நோயோடு வெட்கமும் சேர்ந்து அழுத்தும். நம் சபைகளிலும் நற்கருணைக்கு வராமல் பின்வரிசையிலிருந்து எழுந்து போகிறவரின் நிலை அதுவே. பெயரைச் சொல்லாதிருத்தல் ஆக்ரனிலோ மும்பையிலோ எளிது. சிற்றூரில் பெயரை மறைத்தாலும் வாசலில் நிறுத்திய மிதிவண்டியை மறைக்க முடியாது. ஆகவே அங்குள்ள ஒருவர் ஆற்றைக் கடந்து திட்டக்குடிப் பக்கமோ, பெரம்பலூருக்கோ, திருச்சிராப்பள்ளிக்கோ சென்று கூட்டம் தேட விரும்புவது கோழைத்தனம் அன்று. அவர் ஓர் இசுலாமியராயின், ஆலய மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு அவரை அழைக்குமுன், அங்கு மதமாற்ற நோக்கம் இல்லை என்பதை ஆயர் தெளிவாகக் கூறுதல் வேண்டும். அது உண்மையாயும் இருத்தல் வேண்டும்.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் முதலில் மருத்துவமனை, பிறகே கூட்டம். பில் வில்சனும் மருத்துவமனையில் கிடந்த பின்னரே ஆக்ரன் சென்றார். எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம் என்பதையும், கூட்டம் முடிந்தபின் ஊர் திரும்பப் பேருந்து உண்டா என்பதையும் ஆயர் ஒருமுறை தாமே சென்று அறிந்துவருவது நலம். குடும்பத்தாரும் உறவினரும் வரக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. அவற்றில் ஆயரும் பின்வரிசையில் வாய்திறவாது அமரலாம். டங்ஸ் குருவானவரிடம் அன்று கொடுப்பதற்குச் சில பெயர்கள் இருந்தன.