தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரிகள்: மூலதன வரலாறு

தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளுக்கான மூலதனம் தொடக்கத்தில் அறக்கொடையாக வந்தது. 1984-க்குப் பின் அது பெரும்பாலும் மாணவர் கட்டணத்திலிருந்தே திரண்டது.

1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் சொத்து நெடுங்காலம் வழக்கில் முடங்கி, 1842-இல்தான் சென்னையில் பள்ளியாக உருவெடுத்தது, கல்லூரியானது பின்னர். அண்ணாமலை செட்டியார் தம் கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் ஒப்படைக்க, 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. (நிதி நெருக்கடியில் சிக்கிய அதை 2013-இல் அரசே ஏற்றது.) கோவையில் பி.எஸ்.ஜி. (1951), மதுரையில் தியாகராசர் (1957) பொறியியல் கல்லூரிகள் ஆலை முதலாளிகளின் கொடையில் பிறந்தவை. அரசு மானியமும் அவற்றுக்குத் துணைநின்றது.

பொறியியல் இடம் கிடைக்காதவர்கள் கர்நாடகத்துக்குப் போய்க் கொண்டிருந்த காலத்தில், எம்.ஜி.ஆர். அரசு 1984-இல் மானியமில்லாக் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. சுயநிதி என்று பெயர், நிதி பெற்றோருடையது. சாராயம், கட்டுமானம், அரசியல் என்று பல துறைகளில் சேர்ந்த பணம் ஊருக்கு வெளியே நிலமாகவும் கட்டடமாகவும் மாறியது. கல்லூரியை நடத்துவது அறக்கட்டளை என்பதால் லாபத்தைப் பங்கிட முடியாது. ரசீதில்லாத 'நன்கொடை' பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தடைசெய்யும் சட்டம் 1992-இல் வந்தும் வழக்கம் ஒழியவில்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது, 2002-இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு அந்த ஏற்பாட்டை நீக்கி, நியாயமான உபரிக்கு இடம் கொடுத்தது, கொள்ளை லாபத்துக்கு அல்ல.

வளர்ச்சிக்குப் பெரிய உந்துதல் வங்கியிலிருந்து வந்தது. 2001-இல் வகுக்கப்பட்ட கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கப்படவில்லை. நிலமில்லாத வீட்டுப் பிள்ளையும் கல்லூரி வாசலை மிதித்தது. கல்லூரிக்கு உடனே வருமானம், கடன் குடும்பத்தின் தலையில். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, ஆதிதிராவிட மாணவர் உதவித்தொகை, 2021-இல் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆகியவற்றின் வழியே அரசுப் பணமும் தனியார் கல்லூரிகளுக்குப் போகிறது.

பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியதும் கலந்தாய்வில் இடங்கள் மீந்தன. பெரிய நிறுவனங்கள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாயின. சிறியவை சில கலை அறிவியல் கல்லூரிகளாயின, சில மூடின. அறக்கட்டளையைப் பங்குகளாக விற்க வழியில்லை. எனவே கல்லூரி கைமாறும்போது பழைய அறங்காவலர்கள் விலகல் கடிதம் கொடுப்பார்கள். புதியவர்கள் அதே பெயர்ப்பலகையின் கீழ் பொறுப்பேற்பார்கள்.