கொங்கு வட்டாரத்தில் கருங்கண்ணிப் பருத்தி: மறைவும் மீட்பும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு வட்டாரப் பருத்தி என்பது பெரிதும் உப்பம், கருங்கண்ணி முதலிய உள்நாட்டு வகைகளையே குறித்தது. அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அறிமுகமான கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் செழித்தது. நீண்ட இழையால் ஆலைகளை ஈர்த்தது. திருப்பூர்ப் பருத்திச் சந்தையும் அதனோடு வளர்ந்தது. கருங்கண்ணி மானாவாரியில் வறட்சி தாங்கி விளைவது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து மேம்பட்ட வகைகளையும் உருவாக்கியது. எனினும் அதன் குட்டை இழை வேகமான நூற்பு எந்திரங்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே அதன் மறைவுக்கு வயலைவிட ஆலையே முதன்மைக் காரணம் எனலாம். இன்று சென்னையின் துலா அமைப்பு, மானாவாரி உழவர் விளைவிக்கும் கருங்கண்ணியைக் கையால் நூற்கச் செய்து, கைத்தறியில் நெய்விக்கிறது. விதை வங்கி மரபணுவைக் காக்கும். நூற்பவரும் நெய்பவரும் இருந்தால்தான் பயிர் வயலில் நிலைக்கும்.